இரண்டு பேர் வாசித்த கிட்டார்

சுருளிப்பட்டியில் என் மைக் செட் கடைக்கு நேர் எதிர் வீடு வைகுண்டராஜினுடையது. நடுவில் பத்தடித் தெரு. அவர்கள் வீட்டில் மொச்சைக்கொட்டையும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்தால் நான் கடையில் உட்கார்ந்தபடியே உப்பு, புளி சொல்லிவிடுவேன். நான் ஆம்ப்ளிஃபயரைச் சரிபார்க்கப் பாட்டுப் போட்டால் அவர்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் நடுங்கும். கருத்தக்கண்ணன் சவுண்ட் சர்வீஸ் என்று போர்டு இருக்கும் கடை அது. இப்போது போர்டு மட்டும் புதிது.

வைகுண்டராஜை நாங்கள் ராசு என்போம். பகலில் திராட்சைத் தோட்டங்களில் பந்தல் கம்பி இழுக்கிற வேலை அவனுக்கு. வரிசையாகக் கல்லுக்கால் நட்டு, அதன் தலையில் கனத்த கம்பியை ஓட்டி, இழுவைக் கருவி போட்டு முறுக்கி விறைப்பாக்க வேண்டும். பிறகு குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கம்பி பின்ன வேண்டும். அவன் இழுத்த கம்பியில் ஆள் தொங்கினாலும் தொய்யாது என்று கூடலூர் வரைக்கும் பேர். திருவிழா, கல்யாணம் என்றால் 'முல்லைச்சாரல்' இன்னிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பான். அந்தக் குழுவுக்கு மைக் செட் என்னுடையது. குழுவை நடத்தியவர் கம்பத்து ஒச்சாண்டி மாஸ்டர், கீபோர்டு வாசிப்பவர்.

பேஸ் கிட்டாரை மேடையில் யாரும் கவனிப்பதில்லை. பாடுகிற பெண் தெரிவாள், தபலாக்காரர் தலையை ஆட்டுவது தெரியும். பேஸ் கிட்டார் நாலே நாலு தடித்த கம்பியோடு பாட்டுக்கு அடியில் நடந்துகொண்டிருக்கும். அது நின்றுபோனால்தான் ஏதோ குறைகிறது என்று சனங்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ராசுவிடம் இருந்தது கோட்டயத்தில் ஒரு சர்ச்சில் பழையதாய்க் கழித்ததை வாங்கி வந்தது. கருஞ்சிவப்பு. வலது முழங்கை படும் இடத்தில் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரியும்.

கிட்டாரின் வயிற்றில் கம்பிகள் வந்து மாட்டுகிற இரும்புக் கட்டையைப் பிரிட்ஜ் என்பார்கள். ராசு அதை ஒட்டித்தான் வாசிப்பான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி நடக்கும். அந்த இடத்தில் கம்பி விறைத்து நிற்கும், லேசில் அசைந்து கொடுக்காது. அவன் விரலோ பந்தல் கம்பியோடு மல்லுக்கட்டிக் காய்த்துப்போன விரல். இரண்டும் சேர்ந்து ஒவ்வொரு சுரமும் சுள்ளென்று, அரிவாளால் ஓரம் வெட்டியது மாதிரி வரும். குத்துப்பாட்டுக்கு அவன் வாசித்தால் முன்வரிசையில் சின்னப்பிள்ளைகள் சொல்லிவைத்தது மாதிரி எழுந்துவிடுவார்கள்.

அவன் மனைவி ஹேமாவதிக்கு ஆண்டிபட்டிப் பக்கம். தகப்பனார் தறிக்காரர். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து ஆறு வருசத்தில் திராட்சை வேலை எல்லாம் கற்றுக்கொண்டாள். கொத்தை ஏந்திப் பிடித்துச் சின்னக் கத்தரியால் பிஞ்சு களைவதில் அவள் கைக்குத் தோட்டக்காரர்கள் போட்டி போடுவார்கள். பேச்சு குறைவு. வீட்டில் பேச்செல்லாம் மாமியார் சங்கிலியம்மாளுடையதுதான்.

2002 தை மாதம், காமயகவுண்டன்பட்டி ரோட்டில் ஒரு புதுத் தோட்டத்தில் கம்பி இழுத்துக்கொண்டிருந்தபோது இழுவையின் பிடி விட்டது. முறுக்கேறி நின்ற கம்பி துள்ளி வந்து ராசுவின் வலது கையில் அறைந்தது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஒன்றில் அவனைத் தூக்கிப் போட்டுத் தேனிக்குக் கொண்டுபோனோம். கையைச் சுற்றியிருந்த துண்டு சின்னமனூர் தாண்டுவதற்குள் முழுதும் நனைந்துவிட்டது. வழி முழுக்க அவன் கேட்டது ஒன்றுதான்.

"கண்ணண்ணே, வெரலு இருக்கா? எண்ணிப் பாருங்கண்ணே."

"அஞ்சும் இருக்குடா. பேசாமக் கெட."

அஞ்சும் இருந்தன. ஆனால் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்குகிற நரம்பு அறுந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தைத்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தான். அந்த இரண்டு விரலும் இனிப் பழையபடி மடங்குவது சந்தேகம் என்று டாக்டர் ஹேமாவதியிடம்தான் சொன்னார். அவள் என்னிடம் சொன்னாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் ராசுவுக்குத் தெரிந்திருந்தது.

அதன் பிறகு அந்த வீடு அமைதியாகிவிட்டது. ஹேமாவதியும் சங்கிலியம்மாளும் காலையில் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். ராசு கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். சுவரில் கிட்டார் தொங்கும்.

மாசி மாதம் ஒச்சாண்டி மாஸ்டர் வந்தார். பழம், ஹார்லிக்ஸ் பாட்டில் எல்லாம் வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய கிட்டாரைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"ராசு, சித்திரையில வீரபாண்டித் திருவிழா இருக்கு. ஒத்துக்கிட்டாச்சு. மதுரையில ஒரு பையன் இருக்கான், நல்லா வாசிக்கிறான்ண்டு சொல்றாக..."

"கூப்பிடுங்க மாஸ்டர்."

"ஒனக்கு வருத்தமில்லையேப்பா?"

"எனக்கு என்னத்த வருத்தம்? பாட்டு நிக்கக்கூடாதுல்ல."

மாஸ்டர் போனதும் சங்கிலியம்மாள் பிடித்துக்கொண்டாள். "ஏலே, ஒருத்தன் வந்து ஒன் எடத்துல நிக்கவாண்டு கேக்குறான், நீயி வெத்தல பாக்கு வச்சு அழைக்கிற. கைதானடா போச்சு, வாயுமா போச்சு?"

"ஆத்தா, செத்த நேரம் சும்மா இரு."

"நான் சும்மா இருந்தா இந்த வீட்டுல வேற என்ன சத்தம் கேக்கப்போகுது?"

அதற்கு மறுவாரம் ஒரு மத்தியானம். வெயில் தெருவை வாட்டிக்கொண்டிருந்தது. ஹேமாவதிக்கு அன்றைக்கு அரை நாள் வேலைதான். நான் கடையில் ஒரு ஹாரனைக் கழற்றிப்போட்டுக்கொண்டிருக்கும்போது எதிர் வீட்டிலிருந்து பேஸ் கிட்டார் சத்தம் வந்தது. ஒரு சுரம். கொஞ்சம் விட்டு இன்னொன்று. திருப்புளியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

ராசு கட்டிலில் உட்கார்ந்து மடியில் கிட்டாரை வைத்திருந்தான். இடது கை கிட்டாரின் கழுத்தில் கம்பியை அழுத்தியிருந்தது. மாவுக்கட்டுப் போட்ட வலது கை கிட்டாரின் வயிற்றின் மேல், பிரிட்ஜை மறைத்துக்கொண்டு கிடந்தது. அவனுக்குப் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்து ஹேமாவதி கம்பியை மீட்டிக்கொண்டிருந்தாள். அவன் அழுத்த, அவள் மீட்ட, இரண்டு பேருமாக ஒரு மெதுவான பாட்டின் பல்லவியை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் அவள் கையை எடுத்துக்கொண்டாள். "சும்மாண்ணே. கம்பியெல்லாம் துருப்பிடிச்சிருமுண்டு சொன்னாக. அதான்."

"நிறுத்தாத, வாசி."

"எனக்கு என்னத்தத் தெரியும்? அவுக அழுத்துறாக, நான் தட்டுறேன்."

"தட்டாத, மீட்டு," என்றான் ராசு. ஒன்றரை மாசம் கழித்து அவன் குரலில் உயிர் வந்திருந்தது. "வெரல வையி. பெருவெரல் வேணாம், ஆள்காட்டி வெரலு. இன்னும் கீழ வா, பிரிட்ஜுக்கிட்ட."

"அங்கன ஒங்க கட்டு கெடக்குதே. எங்கிட்டு வர்றது?"

அதுதான் விசயம். அவன் கட்டுப்போட்ட கை கிடந்த இடத்தைத் தவிர்த்து, மிச்சமிருந்த இடத்தில், கழுத்து முடிகிற பக்கமாக அவள் மீட்டினாள். அங்கே கம்பி இளகிக் கொடுக்கும், அகலமாக ஆடும். அதிலும் அவள் பெருவிரலின் பக்கவாட்டுச் சதையைப் படுக்கவைத்துத் தள்ளினாள். அதே கிட்டார், அதே பழைய ஆம்ப்ளிஃபயர், கம்பியை அழுத்துவதும் அதே ராசு. ஆனால் வந்த சத்தம் வேறு. உருண்டையாக, ஓரமே இல்லாமல், நிறைகுடத்துக்குள்ளிருந்து யாரோ பேசுவது மாதிரி இருந்தது. முப்பது வருசம் சத்தத்தோடு பிழைக்கிறவன் நான். சுரம் இடது கையில் இருக்கிறது, குரல் வலது கையில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

தினம் சாயங்காலம் இது வழக்கமாயிற்று. தோட்டத்திலிருந்து வந்து, கால் கழுவி, உலையை வைத்துவிட்டு அவள் வந்து உட்காருவாள். சங்கிலியம்மாள் அடுப்புப் பக்கமிருந்து அரிசியைப் பார்த்துக்கொள்வாள். பாட்டை விடச் சண்டைதான் அதிகம் கேட்கும்.

"எத்தன தடவ சொல்றது? அங்கன மீட்டுனா கொழகொழண்டு வருது. சுரம் நிக்க மாட்டேங்குது."

"எனக்கு அங்கனதான் நல்லாருக்கு."

"நல்லாருக்குறது பெருசில்ல. மேடையில கேக்கணும். தபலாவுக்குள்ள முங்கிரும்."

"நீங்க வாசிச்சா சண்டைக்கு இழுக்குற மாதிரி இருக்கும். பாடுற பிள்ள பயந்து பயந்து பாடும்."

"யாரு சொன்னா?"

"ஆறு வருசமாக் கேக்குறேன்ல."

ராசு இடது கையைக் கழுத்தில் நகர்த்தி, முதல் சுரத்தின் இடத்தில் வைத்தான். "சரி, பல்லவியில இருந்து வா," என்றான்.

பங்குனியில் கட்டுப் பிரித்தார்கள். இரண்டு விரலும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. மறுநாளே அவன் தனியாக வாசித்துப் பார்த்தான், பெருவிரலால். நீட்டிய விரல்கள் கம்பியில் இடித்து இடித்துச் சத்தத்தைக் கொன்றன. கால் மணி நேரம் கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது. மறுபடி இரண்டு பேருமாகத்தான் உட்கார்ந்தார்கள். இப்போது பிரிட்ஜ் பக்கம் காலியாக இருந்தது. ஆனாலும் ஹேமாவதியின் கை பழைய இடத்தை விட்டு நகரவில்லை.

பங்குனிக் கடைசியில் மாஸ்டர் மறுபடி வந்தார். மதுரைப் பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வீரபாண்டிக்கு வர முடியாதென்று சொல்லிவிட்டானாம். புலம்பிக்கொண்டே வந்தவர், வாசலில் நின்று உள்ளே கேட்ட சத்தத்தைக் கேட்டார். செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றார். ஒரு பாட்டு முடிகிற வரைக்கும் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனார். நானும் கூடப் போனேன்.

"ராசு, இது யாரு கை?"

"எடது கை என்னுது மாஸ்டர்."

"நான் கேட்டது இந்தக் கை." ஹேமாவதியைப் பார்த்தார். "தாயி, நீ தனியா வாசிப்பியா? ரெண்டு கையாலயும்?"

"ஒரு ஏழெட்டுப் பாட்டுக்கு அவுக எங்க அழுத்துறாகண்டு தெரியும். அவுக தூங்குறப்ப வச்சுப் பாத்திருக்கேன்."

இதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ராசுவின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"அது போதும்," என்றார் மாஸ்டர். "மெலடிப் பாட்டு எட்டு. மிச்சத்த நான் கீபோர்டுல சமாளிச்சுக்கிறேன். ராசு, நீ என்னப்பா சொல்ற?"

"என்னைய எதுக்குக் கேக்குறீக? வாசிக்கப்போறது அவதான?"

மாஸ்டர் போன பிறகு அவன் எழுந்தான். கிட்டாரை மடியில் வைத்து, இடது கையால் நாலு முறுக்காணியையும் ஒவ்வொன்றாகத் திருகினான். கம்பிகள் ஊளையிட்டுக்கொண்டே இறங்கித் தொய்ந்து தொங்கின. பந்தலில் ஒரு சாண் தொய்வு பொறுக்காதவன் அதைச் செய்தான்.

"இனி யாரும் இதைத் தொடவேணாம்," என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டான்.

மூன்று நாள் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. அந்த மூன்று நாளில் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் வந்து, "பொம்பள மேடையேறிக் கிட்டார் வாசிக்கப்போறாளாம்ல, நம்ம வீட்டுல இந்தப் பழக்கம் உண்டா," என்று சங்கிலியம்மாளிடம் கேட்டார்கள். அவள் முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். புடைப்பதை நிறுத்தவில்லை.

"தோட்டத்துல நாப்பது ஆம்பளைக்கு நடுவுல குனிஞ்சு நிமுந்து வேல செய்றா. அப்ப நம்ம வீட்டுப் பழக்கம் எங்கிட்டுப் போச்சு? அங்கனயாவது வெயிலு. மேடையில பந்தல் போட்டிருப்பாக. போங்கய்யா, போயி வேலயப் பாருங்க."

நான்காம் நாள் மத்தியானம். ராசு என் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். எதிர் வீட்டில் கம்பி முறுக்குகிற சத்தம் கேட்டது. ஹேமாவதி தானாகச் சுருதி கூட்டுகிறாள். முதல் கம்பி ஏறியது. ராசு பேப்பரைத் திருப்பினான். இரண்டாவது ஏறியது. மூன்றாவது கம்பி கொஞ்சம் இறங்கலாகவே நின்றது. அவள் அதைச் சரியென்று நினைத்து நாலாவதுக்குப் போய்விட்டாள். பிறகு வாசிக்கவும் ஆரம்பித்தாள். அந்த மூன்றாவது கம்பி வருகிறபோதெல்லாம் ராசுவின் தோள் சிலிர்த்தது. வேப்பங்காயைக் கடித்தது மாதிரி முகத்தைச் சுளித்தான்.

"கண்ணண்ணே, கேக்குதா?"

"என்னது?"

"மூணாவது. எறங்கி நிக்குதுண்ணே. காது கூசுது."

"அங்க போயிச் சொல்லு. எங்கிட்டச் சொல்லி என்ன ஆகுறது?"

"நான் பேசமாட்டேன்."

"பேசாத. முறுக்கிட்டு மட்டும் வா."

இன்னொரு சுற்று வாசித்தாள். அவன் பேப்பரை வீசிவிட்டு எழுந்து தெருவைத் தாண்டினான். நான் கதவு வழியே பார்த்தேன். அவன் ஒரு வார்த்தை பேசாமல் இடது கையை நீட்டி முறுக்காணியைத் திருகினான். அவள் பெருவிரலால் மீட்டினாள். திருகினான், மீட்டினாள். சுருதி வந்து சேர்ந்ததும் அவன் கையை எடுத்தான். ஆனால் போகவில்லை.

"எம்மேல கோவமா?" என்று கேட்டாள் ஹேமாவதி.

"ஒம்மேல என்ன கோவம்? அந்த மனுசன் வாசல்ல நிண்டு கேட்டுட்டு உள்ள வந்தாருல்ல, அவரு மூஞ்சியப் பாத்தேன். பதினோரு வருசம் வாசிச்சேன். ஒரு நாளும் அப்படி ஒரு மூஞ்சிய நான் பாத்ததில்ல."

"நீங்க அழுத்துனதுனாலதான அந்தச் சத்தம்?"

"இல்ல," என்றான். "அழுத்துறது யாரும் அழுத்துவாக."

அவள் கிட்டாரைக் கீழே வைக்கப் போனாள். அவன் தடுத்தான். "வச்சுக்க. ஒன் எடது கை தப்பா இருக்கு. கழுத்துல குறுக்க இருக்குற இரும்புக் கோட்டுக்கு மேலயே அழுத்துற. அதான் டப்புண்டு செத்துப்போகுது. கோட்டுக்குச் சித்த பின்னாடி அழுத்து. லேசா. அழுத்துற மட்டும் சத்தம் ஓடும், வெரல எளக்குனா நிண்டுரும். அந்த நிறுத்தம்தான் பேஸு."

அன்றிலிருந்து இருபத்து நாலு நாள். அவளுடைய இடது கை விரல் நுனியெல்லாம் கொப்புளம் கட்டி உடைந்தது. திராட்சைக் கொத்தின் புளிப்புச் சாறு பட்டால் எரியும் என்று விரலில் துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். சங்கிலியம்மாள் விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் போட்டுவிடுவாள், திட்டிக்கொண்டே. ராசு இடது கையைச் சொல்லிக்கொடுத்தான். வலது கையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

வீரபாண்டியில் அன்றைக்குச் சரியான கூட்டம். முல்லையாற்றில் குளித்த ஈரத்தோடு அக்கினிச்சட்டி எடுத்துப்போகிறவர்கள் ஒரு பக்கம், ராட்டினம் ஒரு பக்கம். நாங்கள் மத்தியானமே போய் மேடை கட்டினோம். கச்சேரி ஆறு மணிக்கு. ராசு வரமாட்டேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டான். ஹேமாவதி வற்புறுத்தவில்லை. அரக்குக் கலரில் ஒரு சுங்குடிச் சேலை. மேடையில் ஓரமாக, தபலாக்காரருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கிட்டார் வாரில் மாட்டாமல் சேலைத் தலைப்பை அவள் இழுத்துச் செருகுவது மிக்ஸர் மேசையிலிருந்த எனக்குத் தெரிந்தது.

முதல் மெலடிப் பாட்டு. கூட்டத்தின் இரைச்சலில் அவள் வாசிப்பது எனக்கு மந்தமாகப் பட்டது. ராசுவுக்கு வைக்கிற கணக்கில்தான் மிக்ஸரின் குமிழ்கள் எல்லாம் இருந்தன. ட்ரெபிளை, அதாவது கீச்சுச் சத்தத்தை, இன்னும் கொஞ்சம் ஏற்றினால் அவன் சத்தம் மாதிரி ஓரம் வரும் என்று கையைக் கொண்டுபோனேன். பக்கத்திலிருந்து ஒரு இடது கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"தொடாதீகண்ணே."

ராசு. பஸ் நெரிசலில் சட்டையெல்லாம் கசங்கியிருந்தது.

"முங்கிப்போகும்டா. கூட்டத்தப் பாரு."

"முங்காது. நான் குத்துவேன், அவ தள்ளுவா. செத்தப் பொறுங்க."

பொறுத்தேன். பல்லவி முடிந்து சரணத்துக்குப் போனபோது அது வந்தது. கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே வரவில்லை, அடியில் போனது. தரை வழியாக வருவது மாதிரி இருந்தது. மேடையில் பாடிக்கொண்டிருந்த பெண் ஒரு தடவை திரும்பி ஹேமாவதியைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, எப்போதும் அவசரமாக முடிக்கும் வரியை நிதானமாக இழுத்தாள். அதைத் தாங்கிப் பிடிக்க அடியில் ஆள் இருக்கிறது என்று தெரிந்து பாடினாள். கூட்டத்தில் யாரும் பேஸ் கிட்டாரைக் கேட்கவில்லை. பாட்டைக் கேட்டார்கள். ராட்டினத்துக்கு வரிசையில் நின்றவர்கள்கூட இந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள்.

மூன்றாவது பாட்டில் ஒரு இடத்தில் அவள் விரல் தடுமாறியது. வரவேண்டிய சுரம் வரவில்லை. ராசுவின் கை என் தோளை இறுக்கியது. அவள் பதறவில்லை. கம்பியின் மேல் உள்ளங்கையை வைத்து மூடி, ஒரு தாளம் சும்மா விட்டு, அடுத்ததில் சரியாக வந்து சேர்ந்தாள். ராசு மூச்சை விட்டான்.

எட்டுப் பாட்டும் முடிந்து இறங்கி வந்தாள். அவனைப் பார்த்ததும் நின்றாள்.

"எப்ப வந்தீக?"

"மொதப் பாட்டுக்கே."

"எப்படி இருந்துச்சு?"

"மூணாவது பாட்டுல, சரணத்துக்கு முன்னாடி ஒரு எடத்துல விட்டுட்ட."

"ஆமா," என்றாள் தலையைக் குனிந்து.

"விட்டது நல்லாத்தான் இருந்துச்சு," என்றான். "இனிமே அந்த எடத்துல விட்டுரு." பிறகு கரும்புச்சாறு வாங்க நடந்தான். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனதை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஹேமாவதி குழுவில் நிரந்தரமாகிவிட்டாள். கம்பம், பாளையம், போடி, ஆண்டிபட்டி என்று எல்லா மேடையும் ஏறினாள். ராசு கம்பி இழுக்கப் போக முடியாததால் பந்தல் வேலைக்கு அளவு பார்த்துச் சொல்கிற மேஸ்திரி ஆனான். மிச்ச நேரம் குழுவோடு வருவான், கிட்டாரைத் தூக்கி வருவான், சுருதி கூட்டிக் கொடுப்பான். அவன் வாசித்து யாரும் பார்க்கவில்லை. வாசிக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. அவனுக்கு அது ஆறிப்போயிற்று என்றே எல்லோரும் நினைத்தோம்.

பகலில் அந்த வீட்டிலிருந்து பேஸ் கிட்டார் சத்தம் வரும். உருண்டையான, அந்தக் கழுத்துப் பக்கச் சத்தம். நான் கடையில் ஈயம் உருக்கிப் பற்றவைத்துக்கொண்டே கேட்பேன். வேலையெல்லாம் அதுக்குத் தக்கன நடக்கும். சாயங்காலம் ஹேமாவதி தெருவில் வந்தால், "இன்னைக்கு அருமையா வாசிச்சத்தா," என்பேன். அவள் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

2008 ஆடி மாதம், குச்சனூரில் சனிக்கிழமைத் திருவிழாவுக்குக் கச்சேரி. காலையிலேயே போய்விட்டோம். மேற்கேயிருந்து காற்று பேய்த்தனமாக அடித்தது, சாரலும் இருந்தது. மேடைக்கு அடியில் படுத்து நான் வயர் இணைத்துக்கொண்டிருந்தேன். மேலே பேஸ் கிட்டார் கேட்டது. வயர் சரியா என்று பார்க்க ஒரு மெலடியை வாசித்தார்கள்.

"ஹேமா, போதும்த்தா. லைன் சரியாத்தான் இருக்கு," என்று சத்தம் கொடுத்தேன்.

நிற்கவில்லை. வெளியே தவழ்ந்து வந்து மேடையைப் பார்த்தேன். நாற்காலியில் ராசு உட்கார்ந்திருந்தான். மடங்காத இரண்டு விரலையும் கிட்டாரின் விளிம்பில் முட்டுக்கொடுத்து ஊன்றியிருந்தான். பெருவிரலைப் படுக்கவைத்து, கழுத்து முடிகிற இடத்தில் மீட்டிக்கொண்டிருந்தான்.

"ஏலே!" என்றேன்.

"ரெண்டு வருசமாச்சுண்ணே. இந்த வெரல எங்கன வைக்கிறதுண்டு கண்டுபிடிக்கவே ஒரு வருசம். அவ தோட்டத்துக்குப் போன பெறகு வாசிப்பேன்."

அப்போதுதான் பார்த்தேன். டீ வாங்கப் போன ஹேமாவதி தூக்குவாளியோடு மேடைப் படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. சாரலில் தலை நனைந்திருந்தது.

"அப்ப கண்ணண்ணே தெனமும் நல்லா வாசிச்சேண்டு சொன்னது..." என்றாள்.

"ஒன்னையத்தாண்டு நெனச்சுத்தான் சொன்னேன். அரை நாள் வேலை முடிஞ்சு வந்துட்டியாக்கும்ண்டு இருந்தேன்."

"நான் எப்ப வாசிச்சேண்டு முழிப்பேன். வயசாகுதுல்ல, அண்ணனுக்கு நாளு மறந்துபோச்சுண்டு நெனச்சுக்குவேன்."

அவள் படியேறிப் போய்த் தூக்குவாளியை ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்தாள். அவன் முன்னால் நின்று அவன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னொருக்கா வாசிங்க."

வாசித்தான். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"பெருவெரல இன்னுங்கொஞ்சம் படுக்க வைங்க. நெகம் படுது."

"இப்படியா?"

"இன்னுங்கொஞ்சம்."

அவன் படுக்க வைத்தான்.